முதல் சந்தேகம்



பழைய அமெரிக்கக் குற்றப் படங்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரிப்பவர் யார்? பதில் சொல்ல நிறுத்தப்படுபவர் யார்? அந்தச் சமுதாயம் யாரை நம்பியது, யாரை நம்ப மறுத்தது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

1930களில் சார்லி சான் என்னும் சீனத் துப்பறிவாளரின் படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. கதையில் அவர் கூர்மதி படைத்தவர், பண்பாளர். ஆனால் 1931 முதல் அந்த வேடத்தை ஏற்றவர் சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். சீனாவில் பிறந்த கீ லூக்குக்குக் கிடைத்தது மகன் வேடம். சீனரின் அறிவைக் கதை மெச்சியது. தலைமை வேடத்தில் சீனரின் முகத்தைக் காட்டவோ துணியவில்லை.

1967இல் 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' வெளிவந்தது. மிசிசிப்பியின் சிற்றூர் ஒன்றில் செல்வந்தர் ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார். இரவில் ரயில் நிலையத்தில் தனியே காத்திருக்கும் ஒரு கறுப்பினத்தவர் காவலரின் கண்ணில் படுகிறார். பணப்பையில் பணம் இருக்கிறது. அவர் யார் என்று கேட்குமுன்னே கைது செய்துவிடுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அவர் பிலடெல்பியாவின் கொலை வழக்கு அதிகாரி வர்ஜில் டிப்ஸ் என்பது. அவராக நடித்தவர் சிட்னி பொய்ட்டியே.

தம்மை அறைந்த பண்ணை முதலாளியை டிப்ஸ் திருப்பி அறையும் காட்சியையே பலரும் நினைவுகூர்வர். என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. இறந்தவரின் பணப்பையோடு ஒரு வெள்ளை இளைஞன் பிடிபடுகிறான். வழக்கு முடிந்தது என்று ஊர்க் காவலர் மகிழ்கின்றனர். டிப்ஸோ, கொலையாளி வலக்கைப் பழக்கமுள்ளவன், இவனோ இடக்கைப் பழக்கமுள்ளவன் என்று எடுத்துக்காட்டுகிறார். அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டவர், அதே அநியாயம் இன்னொருவனுக்கு நேர இடங்கொடுக்கவில்லை.

ஆயினும் இப்படம் நம்மை நெருடவும் வேண்டும். டிப்ஸ் விடுதலையானது அவர் காவல் அதிகாரி என்பதால். அந்த இருக்கையில் ஒரு சாதாரணத் தொழிலாளி அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரைக்கு வெளியிலும் நிலைமை மாறிவிடவில்லை. தென்மாநிலங்களில் தமக்குப் பாதுகாப்பில்லை என்று பொய்ட்டியே தயங்கியதால், படத்தின் பெரும்பகுதி இல்லினாயில் எடுக்கப்பட்டது. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. உடன் நடித்த ராட் ஸ்டைகர் சிறந்த நடிகரானார். பொய்ட்டியேயின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை.

பலவகை மனிதர்க்கும் திரையில் இடம் வேண்டும் என்பதை எண்ணிக்கைக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். ஓர் இனத்தாரை எப்போதும் வேலைக்காரராகவோ குற்றவாளியாகவோ பார்த்துப் பழகிய கண், தெருவிலும் அப்படியே பார்க்கும். பழகிய கண்ணுக்குத் தன் குற்றம் தெரிவதில்லை. பெத்லகேமுக்குச் சென்ற சாமுவேல் தீர்க்கதரிசியே முதலில் எலியாபின் தோற்றத்தைக் கண்டு மயங்கினார் அல்லவா? நாம் எம்மாத்திரம்!

நம் வீட்டில் ஒரு மோதிரம் காணாமற்போனால், நம் கண் முதலில் யார்மேல் திரும்புகிறது? வேலைக்கு வரும் சகோதரிமேலா? புதிதாக வந்த அந்நியர்மேலா? மோதிரம் மெத்தைக்கு அடியில் அகப்பட்டபின், அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோமா?

இந்த வாரம் ஒருவரைச் சந்தேகிக்குமுன், அவருடைய பெயரையாவது கேட்டு அறிவோமாக.