90 நாள் கடவுச்சொல் விதி போதும்

மாதக் கடைசி. கணக்கு முடிக்கும் அவசரம். "உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது" என்று திரை மறிக்கிறது. ஊழியர் என்ன செய்வார்? "மதுரை@7" என்றிருந்ததை "மதுரை@8" என்று மாற்றுவார். மறந்துவிடக் கூடாதே என்று துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவார். தணிக்கைப் படிவத்தில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்.

அவர்மீது குற்றமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆன் ஆடம்ஸும் ஏஞ்சலா சாசேயும் 1999லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். அடிக்கடி மாற்றச் சொல்லி நெருக்கினால் மக்கள் எளிய சொற்களுக்குத் தாவுகிறார்கள், எழுதியும் வைக்கிறார்கள். திருத்த வேண்டியது விதியைத்தான் என்பது அவர்கள் ஆய்வின் சாரம்.

2010இல் வெளியான வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் கடுமையானது. 3 மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்ற விதியின்கீழ் இருந்த, பயன்பாட்டில் இல்லாத 10,000க்கும் மேற்பட்ட கணக்குகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய கடவுச்சொல் ஒன்று தெரிந்திருந்தால் போதும், ஆய்ந்த கணக்குகளில் 17 சதவீதத்தில் அடுத்ததை ஐந்துக்கும் குறைவான முயற்சிகளில் ஊகிக்க முடிந்தது. எண்ணில் ஒன்றைக் கூட்டுவது, குறியை இடம் மாற்றுவது என்று எல்லோரும் ஒரே தடத்தில் நடப்பதுதான் காரணம்.

பெரிய எழுத்து, எண், குறி கலந்த கடவுச்சொல்லை உலகெங்கும் பரப்பிய வழிகாட்டியை அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்துக்காக எழுதியவர் பில் பர். ஓய்வுபெற்ற பின், 2017இல், அதற்காக வருந்துவதாக அவரே சொன்னார். நேர்மையான மனிதர். அதே ஆண்டில் அந்நிறுவனமும் காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தன் வழிகாட்டியைத் திருத்தியது. 2019இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. நம் அலுவலகங்கள் பலவற்றில் அது இன்னும் அசையாமல் இருக்கிறது.

திருடுபோன கடவுச்சொல் 90 நாளிலாவது செல்லாமல் போகுமே என்பார்கள். திருடியவன் 90 நாள் காத்திருப்பதில்லை. கசிந்தது தெரிந்த அன்றே மாற்ற வைப்பதுதான் பாதுகாப்பு. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவித்தாக வேண்டும். அரசுக்கு 6 மணி நேரத்தில் சொல்லக் கடமைப்பட்ட நிறுவனம், பாதிக்கப்பட்ட கணக்குகளின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றவைக்கலாம்.

காலாவதி விதிக்குப் பதிலாக, நீளமான கடவுச்சொல்லை அனுமதிக்க வேண்டும். ஏற்கெனவே கசிந்த பட்டியலில் உள்ள சொற்களை ஏற்கக் கூடாது. முக்கியக் கணக்குகளுக்கு இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். இத்தனைக்கும் செலவு உண்டு; காலாவதி விதிக்குச் செலவில்லை. அது இத்தனை காலம் நீடிப்பதற்கு அதுவே முதற்காரணம் என்று நினைக்கிறோம்.

ஊழியரின் பொறுமையைத் தின்று திருடனுக்கு வழிகாட்டும் இந்த விதியை, மத்திய, மாநில அரசுத் துறைகளும் வங்கிகளும் அடுத்த தணிக்கைக்கு முன்பே நீக்க வேண்டும்.