வாவிக்கரைக்குப் போவது ஓய்வெடுக்கத்தான்



தவணை லீவு நெருங்கினால் ஸ்டாஃப் ரூமில் ஒரே கேள்விதான். "டீச்சர், நாங்க ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போகணும். தண்ணிக்கரையா, அமைதியா ஒரு இடம் சொல்லுங்க." கேட்பவரிடமே பதிலும் இருக்கும்: நுவரெலியா.

என் அபிப்பிராயம் வேறு. இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். எங்கட குடாநாட்டில் ஆறும் இல்லை, பெரிய ஏரியும் இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், மழைத்தண்ணீர் கீழே இறங்கிவிடும். தொண்டைமானாறு, உப்பாறு என்று கடல்நீரேரிகள்தான் உண்டு. அதனால் நிறைந்த நன்னீரைப் பார்க்க ஆசை வருவது இயல்பு. அதற்காக எல்லோரும் ஒரே வாவிக்குத்தான் போக வேண்டுமா?

கிரகரி வாவி 1873 இல், ஆங்கிலேயத் தேசாதிபதி கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரலில் அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, படகுச் சத்தம், ஒலிபெருக்கி, அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு. ஆகஸ்டில் போனால் தென்மேல் பருவக்காற்று, மழையும் பனிமூட்டமும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர், அதற்கு மேல் மலை ஏற வேண்டும். மூன்று நாள் லீவில் ஒன்றரை நாள் வாகனத்துக்குள்ளேயே போய்விடும். திரும்பி வந்து, "களைச்சுப் போனம்" என்று இன்னொரு நாள் படுப்போம்.

எங்கள் சமூகத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்களில் பலருக்கு லீவு என்றால் புத்தளம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். உடுத்த உடுப்போடு போய் நின்ற ஊர் அது. நான் பிறந்ததும் அங்கேதான். உம்மா, வாப்பா, மாமி, சாச்சி எல்லோரும் இன்றைக்கும் அங்கே பாதி, இங்கே பாதி. புத்தளத்திலும் பெரிய களப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் களப்பை யாரும் எங்களுக்கு அழகென்று காட்டியதில்லை. ஓலைக் குடிசையும் குடிதண்ணீர் வரிசையும்தான் எங்கள் சிறுவயது ஞாபகம்.

புத்தளம் போவது உறவைப் பேணுவது, கடமை. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அதை மனைவிக்குக் கொடுத்த ஓய்வு என்று கணக்கில் எழுதாதீர்கள். அங்கே போனால் அவள் நேரே குசினிக்குள்தான் போவாள். பெருங்கூட்டமாக வேன் பிடித்துப் போகும் பயணமும் அப்படித்தான். சோற்றுப் பார்சலைக் கட்டுவது யார்? பிள்ளைகளின் உடுப்பை அலசுவது யார்? இடம் மாறுகிறது, வேலை மாறுவதில்லை.

கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதை இறைவனின் அத்தாட்சி என்று ஓதுகிறோம். நபியவர்கள் (ஸல்) ஒரு பயணத்தில் கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா நாயகியோடு ஓட்டப்போட்டி வைத்ததை மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கூட்டத்தை முன்னே அனுப்பினார்கள் என்பதை மட்டும் நாங்கள் கவனிப்பதில்லை.

சரி, எங்கே போகலாம்?

மாரி முடிந்த கையோடு என்றால் இரணைமடு. கிளிநொச்சியில், ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே. எங்களிடமிருந்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். டிசம்பர், ஜனவரியில் குளம் நிறைந்து நிற்கும். அணைக்கட்டில் பின்னேரம் நடந்தால் போதும். அந்த நேரத்தில் பறவை பார்க்க ஆசையென்றால் சுண்டிக்குளம். 1938 இலேயே பறவைகள் சரணாலயம் ஆன இடம், 2015 முதல் தேசியப் பூங்கா. காலையில் போய் இரவில் வீடு திரும்பலாம். அறை வாடகை மிச்சம்.

ஏப்ரல், ஆகஸ்ட் என்றால் என் தெரிவு மட்டக்களப்பு வாவி. பயணம் நீளம்தான், ஆனால் மலை ஏற்றம் இல்லை. அந்த மாதங்களில் வாவி அமைதியாகக் கிடக்கும். கல்லடிப் பாலத்தில் இரவில் நின்று மீன் பாடுவது கேட்கிறதா என்று காது கொடுக்கலாம். கேட்காவிட்டாலும் இரண்டு பேர் ஒன்றாக நின்றதாக இருக்கும். பக்கத்திலேயே காத்தான்குடி. ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், பெண்கள் தொழ இடம் தேட வேண்டாம். பகல் வெயில் கடுமை. அறையில் படுத்துவிட்டு அஸருக்குப் பிறகு வெளியே வாருங்கள். நவம்பர், டிசம்பரில் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம், மழையும் வெள்ளமும்.

இரண்டு பேரும் ஆசிரியர் என்றால் நாட்காட்டியையும் பாருங்கள். முஸ்லிம் பாடசாலைக்கு நோன்பு லீவு, மற்றப் பாடசாலைகளுக்கு வேறு கணக்கு. ஒருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயும் படிப்பித்தால் ஒன்றாகக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அந்த நாலைந்து நாளையும் கலியாண வீட்டுக்கும் வீடு வெள்ளையடிக்கவும் கொடுத்துவிட்டு, "எங்களுக்கெங்கே நேரம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். சமையல் வசதியோடு அறை எடுக்காதீர்கள். காசு மிச்சம் பிடிக்கத்தான் எடுக்கிறீர்கள், தெரியும். அந்த மிச்சம் அவளுடைய உழைப்பில் வருகிறது. மூன்று நாளை இரண்டாக்குங்கள், சாப்பாட்டைக் கடையில் எடுங்கள். பிள்ளைகளை இரண்டு நாள் உம்மாவிடம் விட்டால் ஒன்றும் ஆகாது.

வேறு நல்ல வாவிக்கரை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எந்த மாதம் போனீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.