கருப்பானால் போதுமா?

என்னிடம் படித்த பையன் ஒரு டிராயிங் அனுப்பினான். 100 மி.மீ. பிளேட், நடுவில் ஓட்டை. "ஸ்கெட்ச் முழுக்கக் கருப்பாயிடுச்சு சார்" என்று பெருமை. (உறவுக்காரர்களுக்கு: அந்த சாலிட்ஒர்க்ஸில் இன்னும் அசையும் கோடு நீலம், நிலைத்த கோடு கருப்பு.) நீளத்தை 120 ஆக்கினேன். ஓட்டை ஓரத்திலிருந்து 50-லேயே நின்றது. நடு எங்கே போயிற்று?

அவனைக் கோபிக்கவில்லை. நீலமாக இருந்தால் ஏதாவது எண்ணைப் போடு, இல்லையென்றால் 'ஃபிக்ஸ்' அடி என்று சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குகிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். 'நடு' என்பது எண்ணா? உறவு அல்லவா! மூலைக்கு மூலை ஒரு துணைக்கோடு இழு. அதன் மையத்தில் வட்டத்தின் மையத்தை வை. பிறகு நீளம், அகலம், விட்டம், மூன்றே அளவு போதும்.

இது அமெரிக்க வித்தை என்று நினைக்காதீர்கள். 1963-இல் ஐவன் சதர்லேண்டின் ஸ்கெட்ச்பேடிலேயே கன்ஸ்ட்ரெயின்ட் இருந்தது, சரி. ஆனால் நம் கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் ஸ்தபதி என்ன செய்கிறார்? சிலை உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளம் பிரிக்கிறார். முகமும் மார்பும் தொடையும் அந்த மடிப்பிலிருந்துதான். ஒரு அடிச் சிலையோ ஆறு அடியோ, ஓலை மாறும், விகிதம் மாறாது.

"நேரமில்லை சார்" என்பீர்கள். ரிவிஷன் வந்தால் எட்டு இடத்தில் எண்ணைத் தேடித் திருத்த மட்டும் நேரம் இருக்கிறதா? அதிலும் ஒன்றை விட்டுவிடுவீர்கள்.

இனி ஃபைல் அனுப்புமுன் ஒரே ஒரு அளவை மாற்றிப் பாருங்கள். நகர வேண்டியது நகர்ந்தால் எனக்கு அனுப்புங்கள்.