வேஷக்குரலுக்கு முன் சொந்தக் குரல்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அவர்களுக்கு,

இந்த ஆண்டு விழாவுக்கு ‘தி லயன் கிங்’ இசை நாடகம் போடுகிறீர்கள், அடுத்த வாரம் ஆடிஷன் என்று பிள்ளைகள் சொன்னார்கள். உங்கள் மாணவர்கள் சிலருக்குப் பாட்டு சொல்லித்தருபவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். பரீட்சைக் கெடுபிடிக்கு நடுவே மேடைக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவதே பெரிய காரியம். ஆடிஷன் நடக்கும் விதம்தான் என் கவலை.

அதே பெயரில் வந்த படத்தில் கேட்ட குரலை யார் அச்சு அசலாகப் பேசிக் காட்டுகிறாரோ, அவருக்கே வேடம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். என்னிடம் வரும் பையன் ஒருவன் வில்லன் ஸ்கார் வேடத்துக்காக அடித்தொண்டையில் உறுமிப் பழகுகிறான். வசனம்வரை பிரமாதம். பாட்டு தொடங்கியதும் தாடை இறுகுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, மேலே ஏறுமிடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. நிறுத்தி, “உன் குரல்லயே பாடுடா” என்றேன். அதே வரி சுருதி பிசகாமல் வந்தது. அவனுக்குத் திருப்தியில்லை. “இது ஸ்கார் மாதிரி இல்லையே, மிஸ்!”

படத்தின் குரலை அந்த நாடகமே கட்டிக்கொண்டு அழவில்லை. 1994-இல் வந்த படத்தில் ரஃபீக்கி என்ற குரங்குப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ராபர்ட் கியோம் என்ற ஆண் நடிகர். 1997-இல் பிராட்வே மேடையேறியபோது இயக்குநர் ஜூலி டேமோர் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாகவே மாற்றிவிட்டார். தென்னாப்பிரிக்கக் குரலோடு டிசிடி லெ லோக்கா அதில் பாடினார். மறு ஆண்டு டேமோருக்கு டோனி விருது. இசை நாடக இயக்கத்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

குரலை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதா ஒரே வசனத்துக்குள் கீச்சென்று ஏறிக் கரகரவென்று இறங்குவார். அவர் ஏற்ற மோகனசுந்தரத்தின் திமிர் அந்தக் குரலில் இருக்கிறது. அதை மிமிக்ரி செய்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் மோகனசுந்தரம் ஆகவில்லை.

பிள்ளைகளின் தொண்டையையும் பார்க்க வேண்டும். பையன்கள் பலருக்கு இது குரல் உடையும் மகரக்கட்டு வயது. வாரக்கணக்கில் ஒத்திகை என்று தொண்டையை இறுக்கிக் கத்தினால் குரல்நாணில் தடிப்பு விழக்கூடும். அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையன்களுக்கு வேடம் பறிபோனது. பள்ளிக்கூடத்தில் அது நடக்கக் கூடாது. சுருதியை இறக்கிக் கொடுத்தாலே பலர் பாடிவிடுவார்கள்.

ஆகவே, முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்த பாட்டில் சில வரிகள் சொந்தக் குரலில் பாடச் சொல்லுங்கள். வசனத்தைப் பிறகு கொடுங்கள். இந்த ஆள் யார், இவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அதில் குரல் மாறினால் மாறட்டும். மாறிய குரல் ஒரு முழுப் பாட்டைத் தாங்குகிறதா என்பதைப் பாட்டு டீச்சர் உட்கார்ந்து கேட்கட்டும். வேடத்தை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

இதை ஆடிஷனுக்கு முன்பே சுற்றறிக்கையில் போட்டுவிடுங்கள். மிமிக்ரி வராது என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளும் பெயர் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு ஆசிரியை