விண்ணப்பம் தெளிவாக இருக்கட்டும்

வங்கிப் பணியில் இருந்த 34 ஆண்டுகளும் விண்ணப்பங்களைப் படிப்பதே என் தொழிலாக இருந்தது. பயிர்க்கடன், நகைக்கடன், கல்விக்கடன் என்று கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். கையெழுத்து அழகாக இல்லை என்பதற்காக எந்த விண்ணப்பத்தையும் நான் தள்ளியதில்லை. படிக்கவே இயலாதபடி எழுதிக் கொண்டு வந்தவரை மட்டும் எதிரில் அமர்த்தி, "ஐயா, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதே இதில் தெரியவில்லையே!" என்று சொல்லி, நிதானமாக மறுபடி எழுதச் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பின்னர், பாட்டுக் கற்கப் போன இடத்தில் அதே சொல்லை நான் கேட்க நேர்ந்தது.

சிறு வயதிலேயே எனக்குக் குரல் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. பள்ளியில் கடவுள் வாழ்த்துப் பாடும் வரிசையில் நின்ற என்னிடம், "நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்றார் ஆசிரியர். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் ஐம்பது ஆண்டுகள் கடைப்பிடித்தேன். கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட என் உதடுகள்தாம் அசையும்.

என் தாயார் திருமுறைகளில் தோய்ந்தவர். இறுதி நாட்களில் வயிற்று நோயால் படுக்கையில் கிடந்தபோது, அப்பர் பெருமான் சூலை நோய் தீரத் திருவதிகையில் பாடிய பதிகத்தைக் கேட்க ஆசைப்பட்டார். "நீயே பாடேன், கண்ணா" என்றார். எனக்கு வாய் எழவில்லை. கைப்பேசியில் யாரோ பாடியதை ஒலிக்கவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார், குறையொன்றும் சொல்லவில்லை. பத்து நாட்களில் சிவபதம் அடைந்தார். அந்தக் கைப்பேசியை அவர் தலைமாட்டில் வைத்த கை இன்றும் எனக்குக் கூசுகிறது.

பணி ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் ஊர்ச் சிவாலயத்தின் திருமுறை வகுப்பில் சேர்ந்தேன். கூட்டத்தோடு பாடியவரையில் தொல்லையில்லை. ஒரு பிரதோஷத்தன்று தனியாக ஒரு பதிகம் பாடும்படி சொன்னார்கள். சுருதிப்பெட்டியைக் கவனியாமல், படபடப்பில் உரத்த குரலில் எடுத்துவிட்டேன். அடுத்த அடி மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்து, ஓர் இருமலோடு நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது. அதன்பின் ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் முதிய ஓதுவார் ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். திண்ணையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிப் பருகிவிட்டு, "ஐயா, அன்றைக்கு உங்கள் குரல் கெட்டுப்போகவில்லை; எடுத்த இடம் தவறு. அவ்வளவுதான்" என்றார். பிறகு, "தேவாரம் பாடுவதை நம் பெரியவர்கள் என்னவென்று சொன்னார்கள், தெரியுமா? விண்ணப்பம் செய்வது என்றார்கள்" என்றார்.

அவர் சொன்னது கல்வெட்டில் உள்ள செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்காக இராஜராஜ சோழன் 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் ஆக 50 பேரை நியமித்தான். அவர்கள் செய்த பணிக்குக் கல்வெட்டு தரும் பெயர் விண்ணப்பம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. விண்ணப்பத்துக்கு அழகு வேண்டியதில்லை, தெளிவு வேண்டும். தெளிவைப் பயிற்சியால் பெறலாம்.

அவர் எனக்குக் கற்பித்தவற்றை, என்னைப் போன்ற முதியவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சுருதி. பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டியும், ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். எங்கள் வகுப்பில் பெண்களே மிகுதி. அவர்களுடைய சுருதியைக் காதில் வைத்துக்கொண்டு நான் தனியாக எடுத்ததுதான் விபத்துக்குக் காரணம். வயதாகும்போது குரல் நாண்கள் மெலிகின்றன. நுரையீரலின் கொள்ளளவும் குறைகிறது. இளமையில் பாடிய சுருதியையே பிடித்துக்கொண்டு முறுக்குவதில் பெருமை எதுவும் இல்லை. பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் மெதுவாகப் பாடிப் பார்த்து, அது எளிதாக எட்டும்படி ஆதார சட்ஜத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. நான் மூச்சு இழுக்கும்போது தோள்கள் உயர்ந்தன. ஓதுவார் என் வயிற்றில் என் கையையே வைக்கச் சொன்னார். மூச்சு உள்ளே போகும்போது கை முன்னே வர வேண்டும். தோள் அசையக் கூடாது. விடியற்காலையில் இருபது நிமிடம், கீழ்ப் பஞ்சமத்திலும் சட்ஜத்திலும் அகாரமாக நீட்டிப் பாடப் பழக்கினார். தொடக்கத்தில் எட்டு விநாடி நின்ற ஒலி, மூன்று மாதத்தில் பதினைந்து விநாடி நின்றது. மூச்சும் கையிருப்புப் போன்றதுதான். இருப்பைப் பாராமல் முதல் சொல்லிலேயே செலவழித்தால் கடைசிச் சொல்லுக்குக் கடன்பட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மூச்சு வாங்கும் இடம். "மறவா" என்ற சொல்லை இடையில் உடைத்து மூச்சு வாங்கினால் "மற", "வா" என்றாகிவிடுகிறது. மறவாத நெஞ்சைக் கேட்க வந்தவன் மறதியைக் கேட்டவனாகிறான்! எனவே பாட்டைக் கையால் எழுதி, சீர் பிரித்து, மூச்சு வாங்கும் இடங்களில் கோடிட்டுக்கொள்ளச் சொன்னார். தன்னம்பிக்கை என்று நாம் சொல்வதில் பாதி, அடுத்த மூச்சு எங்கே கிடைக்கும் என்று அறிந்திருப்பதுதான்.

நான்காவது, தொண்டையைக் காக்கும் முறை. பாடுமுன் பலமாகச் செருமுவது குரல் நாண்களை ஒன்றோடொன்று மோதச் செய்யும். வெதுவெதுப்பான நீரை ஒரு மிடறு விழுங்குவதே நல்லது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பதிவு செய்து கேட்டபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. இது எல்லோருக்கும் நேர்வது. நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது. பிறருக்குக் காற்றின் வழியே மட்டும் கேட்கிறது. வெட்கப்படாமல் நான்கு முறை கேட்டால், திருத்த வேண்டியது எது என்பது தானே தெரியும்.

"எந்தப் பதிகம் முதலில் பாடலாம்?" என்று ஓதுவார் கேட்டார். நான் திருவதிகைப் பதிகத்தைச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது கொல்லிப் பண். இன்று நவரோஜ் இராகத்தில் பாடுகிறோம். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரைதான் அதற்கு நடமாட்டம். மேல் ஸ்தாயிக்கு ஏறுவதே இல்லை. உங்கள் குரலுக்கு ஏற்றது" என்றார். நான் திகைத்துப் போனேன். என்னால் முடியாது என்று அம்மாவிடம் நான் மறுத்த பாட்டு, என் போன்ற குரலுக்கும் எட்டும் உயரத்திலேயே அத்தனை காலமும் இருந்திருக்கிறது.

இவ்வாண்டு சித்திரைச் சதயத்தில், அப்பர் குருபூசையன்று, அதைத் தனியாகப் பாடினேன். நான்காம் பாட்டில் குரல் நடுங்கியது. நிறுத்தவில்லை, கோடிட்ட இடத்தில் மூச்சு வாங்கித் தொடர்ந்தேன். பாடி முடித்ததும் ஓதுவார், "ஒவ்வொரு சொல்லும் கேட்டது, ஐயா" என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

பிரசாதம் வாங்கும் வரிசையில் ஓர் அம்மையார் அருகில் வந்து, "எங்கள் வீட்டில் அவர் ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். ஒரு நாள் வந்து பாடுவீர்களா, அண்ணா?" என்று கேட்டார். மறுநாள் மாலையே போனேன். கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சுருதிப்பெட்டியைத் திறந்து, ஒரு கட்டையில் வைத்து, மெதுவாகத் தொடங்கினேன். அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்பர்களே, 'எனக்குக் குரல் இல்லை' என்று சொல்லிக்கொண்டு வாயை மட்டும் அசைப்பவர் உங்களில் யாரேனும் இருந்தால், நாளை விடியலில் உங்கள் வயிற்றில் கையை வைத்து ஒரு மூச்சு வாங்கிப் பாருங்கள். நம் வீட்டில் ஒருவர், "நீயே பாடேன்" என்று கேட்கும் நாள் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வரும்போது விண்ணப்பம் ஆயத்தமாக இருக்கட்டும்.