பேறுகாலச் செலவு யார் கணக்கில்?

ஜப்பானில் ஆண்டுக் கடைசி நெருங்கினால் சூப்பர் மார்க்கெட்டுகள் ஆளுக்குத் திண்டாடும். பகுதிநேர வேலை பார்க்கும் மனைவிமார் அதுவரை வாங்கிய சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மாதம் எனக்கு ஷிப்ட் வேண்டாம்” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஆண்டு வருமானம் ஓர் எல்லையை, பலருக்கு அது 13 லட்சம் யென், தாண்டினால் கணவரைச் சார்ந்தவர் என்ற தகுதி போய்விடும். ஓய்வூதியச் சந்தாவும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும் சொந்தப் பொறுப்பு. இல்லத்தரசிக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று 1986-இல் நல்லெண்ணத்தோடு வந்த ஏற்பாடுதான், வேலையில் முன்னேற நினைப்பவளின் காலைக் கட்டுகிறது.

நல்லெண்ணம் மட்டும் போதாது, விதியை எப்படி வகுக்கிறோம் என்பதும் முக்கியம். ஸ்வீடன் 1974-லேயே தாய்க்கான விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக்கி அப்பாவுக்கும் உரிமை கொடுத்தது. கொடுத்து என்ன, எடுத்தவர்கள் சொற்பம். 1995-இல் ஒரு மாதத்தைத் தனியே ஒதுக்கினார்கள். அப்பா எடுக்காவிட்டால் அது வீண். மனைவிக்கு மாற்றித் தர முடியாது. அப்புறம்தான் அப்பாக்கள் தொட்டில் பக்கம் வந்தார்கள். இன்று 480 நாளில் ஆளுக்கு 90 நாள் அப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. எடுக்கப்படும் நாட்களில் சுமார் 30 சதவீதம் ஆண்களுடையது. விடுப்புக்கால உதவித்தொகையைத் தருவதும் பொதுக் காப்பீடுதான்.

இந்தியாவில் நாம் 2017-இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினோம். பாராட்ட வேண்டியதே. ஆனால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயின் சம்பள வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அந்த ஆறு மாதச் சம்பளத்தையும் வேலைக்கு வைத்த நிறுவனமே தர வேண்டும். நேர்காணலில் “கல்யாணம் எப்போம்மா?” என்று ஏன் கேட்கிறார்கள் என்று விளங்குகிறதா? தனியார் நிறுவனத்தில் இருக்கும் அப்பாவுக்கோ மத்தியச் சட்டத்தில் ஒரு நாள் விடுப்பும் இல்லை. (களை எடுப்பவரும் வீட்டுவேலை செய்பவரும் இதில் எதிலும் வரமாட்டார்கள்.)

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. இஎஸ்ஐயில் ஆண், பெண் பேதமில்லாமல் தொழிலாளர்களிடமும் முதலாளிகளிடமும் பிடிக்கும் பணத்திலிருந்துதான் பேறுகாலச் சம்பளம் போகிறது. கல்யாணமாகாத இளைஞனும் அதில் பங்கு தருகிறான். அந்த முறையை எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் விரிக்க வேண்டும். அப்பாவுக்கென்று, மாற்றித் தர முடியாத நாட்களையும் அதில் சேர்க்க வேண்டும். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் எல்லாக் கட்சிகளும் சேர்ந்தே கேட்கக்கூடிய கோரிக்கை இது. நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்.