கையெழுத்து கேட்கும் மானிடவியல்

செலாயாங் அடுக்குமாடி வீடொன்றில் ஒரு பாட்டி என்னிடம் இரண்டு மணி நேரம் பேசினார். விடியற்காலைப் பெரட்டில் நின்றது, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனது, தோட்டத்தை விற்றது, இங்கே வந்து சேர்ந்தது. மூன்றாவது தேநீருக்குப் பிறகு பையிலிருந்து ஒப்புதல் பாரத்தை எடுத்தேன். நான்கு பக்கம். ஆங்கிலத்தில் இரண்டு, மலாயில் இரண்டு. கடைசியில் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. பேச்சுக்கு முன்பே தந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. வீட்டுக்குள் நுழைந்ததுமே அவர் பேச ஆரம்பித்துவிட்டதால் தள்ளிப்போட்டேன். அது என் தவறு.

"கையெழுத்து எதுக்கு தம்பி?" என்றார். "அன்னிக்கும் இப்படித்தான் ஆபீஸ்லேருந்து ஒரு கடுதாசி கொண்டாந்தாங்க. படிக்கத் தெரியாம போட்டோம். அப்புறம் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னத எல்லாம் எழுதாதய்யா" என்றார்.

ஆய்வுக்கு உட்படுபவரைப் பாதுகாக்க எழுதப்பட்ட தாள் அது. அவருக்கோ, வீட்டைப் பறித்த தாளின் தங்கச்சிபோலத் தெரிந்தது. அவர் பார்த்ததில் பிழையில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சமூக மானிடவியல் முதுகலையில் ஆய்வு முறையியல் வகுப்பில் எங்களுக்கு மலினோவ்ஸ்கி உண்டு, பங்கேற்று நோக்கல் உண்டு, குறிப்பேடு எழுதும் விதம் உண்டு. பிறகு ஒருநாள் நெறிமுறைக் குழுவின் பாரம் வரும். அதோடு மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். பாரம் நிரம்பியதா, எத்தனை பேர், எண் போட்டாயிற்றா. என் மேற்பார்வையாளர் நல்லவர்தான், களத்தை அறிந்தவர். அவருமே கடைசியில் கேட்டது, "கையெழுத்து இல்லாத நேர்காணல எப்படிப்பா சேர்க்கிறது?" என்றுதான்.

இந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது? நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில் 1947இல் நியூரம்பெர்க் விதிகள் வந்தன. சிகிச்சை தராமலேயே கறுப்பின நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் வேடிக்கை பார்த்த டஸ்கிகி ஆய்வு அம்பலமான பிறகு, அமெரிக்காவில் 1979இல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. உடம்பில் ஊசி ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. அவசியமான கேள்வி. அதை அப்படியே தூக்கிவந்து தேநீர் குடித்துக்கொண்டு பேசும் இருவருக்கு நடுவே வைத்துவிட்டார்கள். மானிடவியலாளர்களுக்கு இது தெரியாததல்ல. அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் 1998ஆம் ஆண்டு நெறிமுறையே, ஒப்புதல் எழுத்தில், கையெழுத்தோடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒப்புதலின் தரமே முக்கியம் என்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எங்கள் முறையியல் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் தேடிப் படித்தேன்.

கேட்காமலே எழுதிய காலத்துக்குத் திரும்பச் சொல்கிறாயா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இல்லை. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே கால்வைக்க நிர்வாகத்தின் தயவு வேண்டும், லயத்தில் இருப்பவரின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. ரவீந்திர ஜெயின் 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி எழுதிய நூல் 1970இல் வந்தது. இன்றைக்கும் அதைவிட்டால் நமக்குப் பெரிய ஆதாரம் இல்லை. அதில் தோட்டத்தின் பெயர் 'பால் மெலாயு'. புனைபெயர். அங்கே பிறந்தவரின் பேரன் நூலகத்தில் அந்த நூலைக் கையில் எடுத்தாலும் அது தன் பாட்டன் வாழ்ந்த இடம் என்று கண்டுகொள்ள முடியாது. அது யாரைப் பாதுகாத்தது என்ற கேள்வி எனக்கு உண்டு. அது தனிச் சண்டை, இன்னொரு நாள்.

கையெழுத்து இல்லையென்றால் மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்து நேர்காணலைப் புனைவார்கள் என்பது இன்னொரு வாதம். புனைகிறவனுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியும்.

சிக்கலின் வேர் அந்த அடையாள அட்டை எண்ணில் இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்தும் சிவப்பு அட்டையோடு முதுமையடைந்த தமிழர்கள் உண்டு. அவர்களுக்கு எண் என்பது எப்போதும் விசாரணை. பக்கத்திலேயே செலாயாங் மொத்த விற்பனைச் சந்தை. 2020 ஏப்ரலில் அந்தப் பகுதியை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். மே மாதம் குடிநுழைவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள், ஆட்களைப் பிடித்துப் போனார்கள். அங்கே மூட்டை தூக்கும் ரோஹிங்கியா இளைஞனிடம் உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடு என்று ஒரு முதுகலை மாணவன் நீட்டும் தாள், யாருடைய பாதுகாப்புக்கு? பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக்கு. நாளை வழக்கு வந்தால் காட்டக் கோப்பு வேண்டும். அதை நேராகச் சொல்லிவிட்டால்கூட எனக்குக் கோபம் குறையும். அறம் என்று பெயர் வைப்பதுதான் பொறுக்கவில்லை.

நான் கேட்பது சிறியது. பேச வருபவரின் மொழியில், எங்களுக்கென்றால் தமிழில், வாயால் விளக்கி வாயால் சம்மதம் வாங்கலாம். பதிவுக்கருவியில் ஆய்வாளரின் குரலும் அந்தச் சம்மதமும் இருந்தால் போதும். அட்டை எண் வேண்டாம். பாதியில் நிறுத்தலாம், மறுவாரம் கூப்பிட்டு "அத எடுத்துடு" என்றும் சொல்லலாம் என்று புரியவைக்க வேண்டும். ஒருதடவை கேட்டுவிட்டு ஓடாமல், எழுதியதை எடுத்துப்போய் வாசித்துக்காட்டித் திரும்பவும் கேட்க வேண்டும். இது பாரத்தைவிட அதிக வேலை. நெறிமுறைக் குழுக்கள் விரும்பாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

குழுவுக்கு இதையே கடிதமாக எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: பாரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, கையெழுத்து வாங்கி, மீண்டும் சமர்ப்பிக்கவும்.

பாட்டி பேசியது ஆய்வேட்டில் இல்லை. போன வாரம் வெறும் கையோடு போனேன். "கடுதாசி கொண்டாந்தியா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். உள்ளே வரச் சொன்னார்.